வேலிக்கதவில் ஒரு நீலத்தாள்

அத்தியாயம் 14

ரோவினாவை ஒரு வாரமாக அடுப்படியிலேயே நிற்க வைத்துவிட்டோம். கையில் கொதிக்கும் கெட்டில், வாசலில் அம்மா.

"வியாழக்கிழமை காலையில நீங்க டவுனுக்குத்தானே போறீங்க? என் காரு பட்டறையில கிடக்கு. என்னையும் ஏத்திக்கிட்டுப் போறியா?"

கேள்வி சின்னதுதான். ஆனால் வியாழக்கிழமை ரோவினா டவுனுக்குப் போவது மாவட்ட மன்றத்தில் உரிமம் கேட்க. அம்மா போவது அந்த உரிமத்தைக் கொடுக்கக் கூடாது என்று சொல்ல.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்கள் ஒரு நிமிடம் காது கொடுங்கள். ரோவினாவின் புகுந்த வீடான ஹாலின் பண்ணையில் பால்மாடுகள் போன குளிர்காலத்தோடு விற்றுப்போயின. பால் வாங்குகிறவன் சொன்ன விலைக்கு மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவதுகூடக் கட்டுப்படியாகவில்லை. மிஞ்சியது மேட்டில் மேயும் கொஞ்சம் செம்மறியும், சரிவைப் பார்த்து நிற்கும் ஒரு பெரிய கொட்டகையும். அந்தக் கொட்டகையைக் கல்யாண மண்டபமாக்கலாம் என்பது ரோவினாவின் யோசனை. கல்யாணம் என்றால் பாட்டு, பாட்டு என்றால் குடி, இரண்டுக்கும் உரிமம் வேண்டும். கிடைத்தால் பண்ணை பிழைக்கும். கிடைக்காவிட்டால் இலை உதிர்வதற்குள் பண்ணையை விலை பேச வேண்டியதுதான். அவளும் புருஷன் நைஜலும் அம்மா வீட்டுப் பின்னறையில் பெட்டி படுக்கையை இறக்க வேண்டியதுதான்.

எதிர்த்துக் கையெழுத்துப் போட்ட அக்கம்பக்கத்தாரில் முதல் பெயர் டாஃப்னி. அதாவது அம்மா. அவள் வீடு பண்ணைக்கு எதிரே, கல் எறிந்தால் ஜன்னல் உடையும் தூரத்தில் இருக்கிறது.

இந்த ஒன்றரை மாதமாக இதைப் பற்றித் தாயும் மகளும் பேசவில்லையா? பேசினார்கள். உருளைக்கிழங்கைப் பற்றிப் பேசினார்கள். ஞாயிறுதோறும் அம்மா வீட்டில் மதியச் சாப்பாடு. கறி நன்றாக வெந்திருக்கிறதா, புதினாச் சாறு இன்னும் கொஞ்சம் வேண்டுமா, மழை வருமா வராதா என்று எல்லாம் அலசினார்கள். சந்தையில் ஒரு கிழட்டு ஆட்டுக்கு அரை நாள் நின்று பேரம் பேசுகிற குடும்பம்தான். வீட்டுக்குள் வந்தால் மட்டும் வாயைப் பூட்டிச் சாவியை ஜாம் பாட்டிலுக்குள் போட்டுவிடுவார்கள்.

ஆக, கெட்டிலோடு நின்ற ரோவினா சொன்னாள்.

"அதுக்கென்னம்மா, ஏத்திக்கிட்டுப் போறேன்."

"சங்கடமா இருக்கும்னா சொல்லு. நான் பஸ்ல போயிக்கிறேன்."

"வியாழக்கிழமை பஸ்ஸே கிடையாதேம்மா."

"தெரியும்" என்றாள் டாஃப்னி.

* * *

வியாழக்கிழமை விடிந்தது. நைஜல் அவனிடம் இருந்த ஒரே கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு வந்தான். சாவுக்கு வாங்கியது. இடுப்பில் பொத்தான் எட்டவில்லை.

பிக்கப் வண்டியில் ஒரே நீள இருக்கை. ரோவினா ஓட்டினாள். நடுவில் அம்மா, கியர் கம்பிக்கு இடம்விட்டு இரண்டு முழங்காலையும் ஒரு பக்கமாய்ச் சாய்த்துக்கொண்டு, மடியில் கையுறையும் கைப்பையுமாக உட்கார்ந்திருந்தாள். கதவோரம் நைஜல். கதவோரம் உட்காருகிறவன்தான் இறங்கி வேலிக்கதவைத் திறந்துவிட வேண்டும். அது அவன் வேலை என்று யாரும் சொல்லவில்லை, சொல்லவும் வேண்டாம்.

"கோட்டு நல்லா இருக்கே நைஜல்" என்றாள் டாஃப்னி. "யாரு செத்தா?"

"இன்னும் யாருமில்ல டாஃப்னி. சாயந்தரம்தான் தெரியும்."

பண்ணை வாசலில் வண்டி நின்றது. அகலமான மரக்கதவு, ஐந்து குறுக்குச் சட்டம் போட்டது. நைஜல் இறங்கித் திறந்தான். வண்டி வெளியே வந்ததும் இழுத்துச் சாத்திக் கொண்டியைப் போட்டான். மூடியிருந்ததை மூடிவிட்டுத்தான் போக வேண்டும். திறந்திருந்தால் திறந்தபடியே விட்டுப் போக வேண்டும். இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் 'நன்றி' சொல்லப் பழகுவதற்கு முன்பே இதைப் பழகிவிடுவார்கள். திறந்து கிடக்கும் கதவுக்குப் பின்னால் யாரோ ஒருவருடைய காரணம் இருக்கும். மந்தை தண்ணீருக்கு இறங்கி வர வேண்டியிருக்கலாம், வண்டி திரும்பி வர வேண்டியிருக்கலாம். அடுத்தவன் காரணத்தில் கை வைக்கிறவனைப் பற்றி மதுக்கடையில் மூன்று தலைமுறைக்குப் பேசுவார்கள்.

"அவரைக்கொடி இந்த வருஷம் எப்படிம்மா?"

"பூ வெச்சிருக்கு. நத்தைதான் தொல்லை."

"பீர் ஊத்தி வையேன், நத்தை விழுந்து செத்துடும்" என்றான் நைஜல். சொன்ன பிறகுதான் எந்தப் பேச்சு எந்தப் பேச்சுக்கு வழிவிடுகிறது என்பது அவனுக்கு உறைத்தது.

"பீர் எல்லாம் நம்ம பக்கத்துலயே நிறையக் கிடைக்கப் போகுதாமே" என்றாள் டாஃப்னி, கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு.

அதோடு அவரையும் முடிந்தது, நத்தையும் முடிந்தது.

ஊர்ப்பாதை ஒரு வண்டி போகும் அகலம்தான். இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு முள்செடி வேலி. எதிரே வண்டி வந்தால் யாராவது ஒருவர் பின்னால் போயாக வேண்டும். இன்று எதிரே யாரும் வரவில்லை. பின்னால் ஒரு சாம்பல் நிறக் கார் ஒட்டிக்கொண்டு வந்தது. ரோவினா ஒதுங்கும் இடத்தில் நிறுத்தி வழிவிட்டாள். காருக்குள்ளிருந்து ஒரு கை உயர்ந்து நன்றி சொன்னது.

க்வார்ம்பி. ஓய்வு பெற்ற பல் மருத்துவர், ஆட்சேபிக்கிறவர்களின் தலைவர். இன்று அவர் ரோவினாவின் கழுத்தை அறுக்கப் போகிறார். அதற்கும் வழிவிட்டதற்கும் சம்பந்தமில்லை. வழிவிட்டால் கையை உயர்த்துவது முறை.

"நல்ல மனுஷன்" என்றாள் டாஃப்னி.

"ரொம்ப" என்றாள் ரோவினா.

* * *

மன்றத்தின் கூட்ட அறையில் ஜன்னல் திறக்காது. மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று உறுப்பினர்கள். நடுவில் திருமதி ஸ்டோக்ஸ், கம்பளிச் சட்டை, கழுத்தில் சங்கிலியில் தொங்கும் கண்ணாடி. அவரும் ஒரு காலத்தில் ஆடு வளர்த்தவர், அதனால் யாருக்கு ஆதாயம் என்பது யாருக்கும் தெரியவில்லை. பக்கத்தில் சட்டம் சொல்லித்தர ஓர் ஆள்.

இந்தப் பக்கம் ரோவினாவும் நைஜலும். நடுவே ஒரு நடைவழி. அதற்கு அப்பால் அக்கம்பக்கத்தார் ஏழெட்டுப் பேர். அம்மா நேராகப் போய் அவர்களோடு உட்கார்ந்தாள். கல்யாணத்தில் பெண் வீடு, மாப்பிள்ளை வீடு என்று உட்காருவதைப் போல இருந்தது. ஒரே வித்தியாசம், பெண்ணைப் பெற்றவள் மாப்பிள்ளைப் பக்கம் போய் உட்கார்ந்திருந்தாள்.

க்வார்ம்பி எழுந்தார். நாற்பது வருஷம் அடுத்தவர் வாயைத் திறக்கவைத்தவர், இப்போது தன் வாயைத் திறந்து அதற்கு ஈடு கட்டிக்கொண்டிருக்கிறார்.

"எங்களுக்குக் கல்யாணத்து மேல கோவம் இல்லீங்க. நானும் கட்டிக்கிட்டவன்தான்" என்றார். அவர் மனைவி சிரிக்கவில்லை. "ஆனா சனிக்கிழமைதோறும் நூறு பேரு ஆடி, குடிச்சு, நடுராத்திரியில எங்க பாதையில காரைத் திருப்பத் தெரியாம ஹாரன் அடிச்சா நாங்க எங்கே போறது? அந்தக் கொட்டகைக்கு இருக்கிறது தகரக் கூரை. அதுக்குள்ள டிரம் அடிச்சா எங்க வீட்டுக் கப்பு சாசரெல்லாம் ஆடும்."

ரோவினா இதற்குத் தயாராகத்தான் வந்திருந்தாள். கூரைக்கு அடியில் கம்பளிப் பஞ்சு அடைத்தாயிற்று. பாட்டுக்காரர்கள் கதவைத் திறக்கக் கூடாது. பதினொரு மணிக்கு எல்லாம் நிற்கும். சொன்னாள். திருமதி ஸ்டோக்ஸ் தலையை ஆட்டினார். பேரத்தில் எதிராளி தலையை ஆட்டினால் விலை படியப்போகிறது என்று அர்த்தம். ரோவினாவுக்கு மூச்சு வந்தது.

அப்போதுதான் க்வார்ம்பி பைக்குள்ளிருந்த கடைசிச் சரக்கை எடுத்து வெளியே வைத்தார்.

"அதெல்லாம் போகட்டும். இந்த விண்ணப்பமே செல்லாதுங்க."

அறை நிமிர்ந்தது.

"நீலத்தாள்ல அறிவிப்பு எழுதி, போறவர்றவங்க கண்ணுல படுற மாதிரி நாலு வாரம் வாசல்ல தொங்கவிடணும். அதுதானே சட்டம்? இவங்களும் தொங்கவிட்டாங்க. வேலிக்கதவுல. நான் தினமும் சாயந்தரம் அந்த வழியா நடக்கிறவன். ஒருநாள்கூட அந்தத் தாளை நான் பார்த்ததில்ல. ஏன் தெரியுமா? கதவு விரியத் திறந்து, முள்செடிக்குள்ள சாய்ச்சுக் கட்டியிருக்கு. தாளு வேலியைப் பார்த்துக்கிட்டிருக்கு. முள்செடிக்குத்தான் அறிவிப்பு குடுத்திருக்காங்க. குருவிங்க வந்து ஆட்சேபிக்கலைன்னா அதுக்கு நாங்க பொறுப்பாக முடியாது."

அந்தப் பக்கம் சிரிப்பு. ரோவினாவின் முகத்தில் இரத்தம் ஏறியது.

உண்மைதான். மே மாதக் கடைசியில், மூடியிருந்த கதவில் அவளே தாளைப் பொருத்தினாள். மறுநாள் புல் அறுப்பு தொடங்கியது. கட்டு ஏற்றிய வண்டிகள் போக வர, நைஜல் கதவை விரியத் திறந்து முள்செடியோடு சேர்த்துக் கட்டினான். அவள் டவுனில் ஒரு பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை பார்க்கிறவள். விடியலில் போகும்போது கதவு திறந்திருக்கும், மாலையில் வரும்போதும் திறந்திருக்கும். நாலு வாரமும் தன் தாளைத் தானே கடந்து போனாள். திறந்த கதவுக்கு ஒரு காரணம் இருக்கும். அதை யோசித்துப் பார்ப்பது நம் வேலையில்லை.

சட்டக்காரர் குனிந்து திருமதி ஸ்டோக்ஸின் காதில் சொன்னது அறை முழுக்கக் கேட்டது. "நிரூபணமானா முதல்லேருந்து ஆரம்பிக்கணும். புதுத் தாள், மறுபடியும் நாலு வாரம், மறுபடியும் கூட்டம்."

முதல் கல்யாணம் ஆகஸ்ட் கடைசியில். மறுபடியும் ஆரம்பித்தால் செப்டம்பர் தாண்டிவிடும். கோடை போனால் வருஷமே போச்சு. ரோவினா நைஜலின் கையைத் தேடினாள். கை மேசைக்கு அடியில் இருந்தது, ஆனால் அவள் பக்கம் வரவில்லை.

திருமதி ஸ்டோக்ஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"தாளை நீங்க பார்க்கலைன்னு சொல்றீங்க. சரி. அப்புறம் விண்ணப்பம் போட்டிருக்காங்கன்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"டாஃப்னி சொன்னாங்க."

"டாஃப்னிக்கு யாரு சொன்னா? மகள் சொன்னாங்களா?"

அறையில் இருந்த எல்லோரும் திரும்பினார்கள். டாஃப்னி கையுறையின் விரல்களை ஒவ்வொன்றாக நீவிக்கொண்டிருந்தாள்.

"மகள் சொல்லல" என்றாள். "நாங்க அதைப் பத்திப் பேசுறதில்ல."

"அப்புறம்?"

ஒரு வார்த்தை போதும். 'ஊர்ல பேசிக்கிட்டாங்க' என்றால் முடிந்தது. க்வார்ம்பி ஜெயித்தார், பாதை பிழைத்தது, மகள் பெட்டியோடு பின்னறைக்கு வந்து சேர்வாள். அந்தப் பின்னறைக்குப் போன மாதமே டாஃப்னி புதுத் திரை போட்டு வைத்திருக்கிறாள் என்பது ரோவினாவுக்குத் தெரியும். அதைப் பற்றியும் அவர்கள் பேசவில்லை.

"படிச்சேன்" என்றாள் டாஃப்னி. "காலையில நாயைக் கூட்டிக்கிட்டுப் போறப்ப."

"கதவு வேலிக்குள்ள இருந்தா எப்படிம்மா படிச்சீங்க?"

"சாத்திப் படிச்சேன்."

யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள். குடிக்கும் கூத்துக்கும் சுளிக்காத முகங்கள்கூடச் சுளித்தன. அடுத்தவர் பண்ணைக் கதவை! அதுவும் டாஃப்னி! ஞாயிறு பள்ளியில் இரண்டு தலைமுறைப் பிள்ளைகளுக்குக் 'கதவை எப்படிப் பார்த்தாயோ அப்படியே விடு' என்று காதைத் திருகிச் சொல்லிக்கொடுத்தவள்.

"ஒருநாள்தானே?" என்றார் க்வார்ம்பி, மெதுவாக, வலிக்காது என்று சொல்லி ஊசி போடுகிற குரலில்.

"தினமும். நாலு வாரமும்."

"எதுக்கு டாஃப்னி?"

"எதுக்குன்னு கேட்டா? நாலு பேரு படிச்சாத்தானே நாலு பேரு ஆட்சேபிப்பாங்க! தாளு வேலியைப் பார்த்துக்கிட்டிருந்தா யாரு கையெழுத்துப் போடுறது? தபால்காரப் பொண்ணு வந்தா, நிறுத்திப் படிக்கவெச்சேன். பள்ளிக்கூட வேன்காரர் படிச்சாரு. உங்க சம்சாரம்கூடப் படிச்சாங்க லெனார்ட். உங்ககிட்ட சொல்லலையா?"

க்வார்ம்பியின் மனைவி ஜன்னலைப் பார்த்தாள். அந்த வீட்டிலும் உருளைக்கிழங்கைப் பற்றித்தான் பேசுவார்கள் போலிருக்கிறது.

திருமதி ஸ்டோக்ஸின் வாயோரம் ஒரு மடிப்பு விழுந்து மறைந்தது. "அப்போ தினமும் காலையில தாளு எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. அதுக்குச் சாட்சி ஆட்சேபிக்கிற முதல் ஆளே."

"நான் இன்னும் ஆட்சேபிக்கிறேன்" என்றாள் டாஃப்னி, எழுந்து நின்று. "அதைச் சொல்லத்தான் வந்தேன். எனக்குப் பாட்டு பிடிக்காதுன்னு இல்ல. டிரம்முன்னா காதுல பஞ்சு வெச்சுக்குவேன். ஆனா பாதை ஒண்ணே ஒண்ணு. சனிக்கிழமை மதியம் காருங்க வர ஆரம்பிச்சா நடுராத்திரி வரைக்கும் நான் வெளியே போக முடியாது. ஆம்புலன்ஸு உள்ள வர முடியாது. எழுபத்தி நாலு வயசுல வாரத்துல ஒருநாள் என் வீட்டுலயே நான் கைதி. என் மகள் பொழைக்கணும். அதுக்கு நான் உள்ள கிடக்கணும்னா அதை யாராவது என் மூஞ்சிக்கு நேரா சொல்லுங்க."

திருமதி ஸ்டோக்ஸ் அதைக் குறித்துக்கொண்டார்.

* * *

முடிவு பேச மூன்று பேரும் உள்ளே போனார்கள். நடையில் தேநீர் வைத்திருந்தார்கள். அம்மா சுவரோரம் தனியாக நின்றாள். அவளோடு வந்தவர்கள் யாரும் அவளிடம் போகவில்லை. க்வார்ம்பி மட்டும் பிஸ்கட் தட்டை நீட்டினார். அவள் ஒன்றை எடுத்துக்கொண்டாள்.

ரோவினாவின் மனம் வேறொரு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. காலையில் அம்மா சாத்துகிறாள். மாலையில் க்வார்ம்பி வரும்போது கதவு வேலிக்குள் இருக்கிறது. மறுநாள் காலையில் அம்மா மறுபடியும் சாத்துகிறாள்.

நடுவில் யார்?

"நைஜல், புல் அறுப்பு எப்ப முடிஞ்சுது?"

"ஜூன் மொத வாரத்துலயே. ஏன்?"

"புல்வண்டியை அதுக்கப்புறம் எடுத்தியா?"

"இல்லையே, ஷெட்ல நிக்குது. ஏன் கேக்குறே?"

"சும்மா."

அவன் கோப்பைக்குள் பார்த்தான். அதில் தேநீர் தீர்ந்து வெகுநேரம் ஆகியிருந்தது.

முடிவு வந்தது. உரிமம் உண்டு. பாட்டும் மதுவும் பதினொரு மணி வரை, கதவு சாத்தியபடி. விருந்தாளிகளின் கார் பாதைக்குள் வரக் கூடாது. டவுனில் நிறுத்திவிட்டுப் பேருந்தில் ஏற்றி வர வேண்டும், இறக்கிவிட்டதும் பேருந்து திரும்பிவிட வேண்டும். கேட்ட விலையும் இல்லை, கொடுக்க நினைத்த விலையும் இல்லை, நடுவில் ஒரு விலைக்குச் சரக்கு கை மாறியது.

க்வார்ம்பி வந்து ரோவினாவின் கையைக் குலுக்கினார். "வாழ்த்துகள். மேல்முறையீடு பண்ணலாமான்னு யோசிக்கிறோம்."

"கண்டிப்பா யோசிங்க" என்றாள் ரோவினா. "வந்ததுக்கு நன்றி."

* * *

திரும்பும்போதும் அதே இருக்கை, அதே வரிசை. ஒருவரும் அவரையைத் தொடவில்லை.

அம்மா வீட்டு முன்னால் வண்டி நின்றது. நைஜல் இறங்கி அவளுக்குக் கை கொடுத்து இறக்கிவிட்டு, மறுபடியும் ஏறி உட்கார்ந்துகொண்டான். டாஃப்னி சுற்றிவந்து ரோவினாவின் ஜன்னலோரம் நின்றாள்.

"உனக்காகச் சொன்னேன்னு நினைச்சுக்காதே. பொய் சொல்ல வாய் வரல. அவ்வளவுதான்."

"தெரியும்மா."

"ஆனா ஒண்ணு கேக்கணும். நாலு வாரமா கேக்க நினைச்சது." டாஃப்னி கையுறையைக் கழற்றினாள். "தினமும் நான் சாத்துறேன், தினமும் நீ ஏன் கதவைத் திறந்துபோட்டே, கண்ணு? யாரும் படிக்கக் கூடாதுன்னா? அம்மாவுக்குக்கூடத் தெரியாம உரிமத்தை அடிச்சுட்டுப் போயிடலாம்னு? அதுதாண்டி எனக்கு ஆறல. அதனாலதான் முதல் ஆளா கையெழுத்துப் போட்டேன்."

நாலு ஞாயிறு, நாலு சாப்பாடு. எதிரே உட்கார்ந்து புதினாச் சாறு ஊற்றிக் கொடுத்த கை, உள்ளுக்குள் இவளைக் கள்ளி என்றே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறது.

"நான் திறக்கலம்மா. ஒருநாள்கூட."

டாஃப்னி மகளின் முகத்தைப் பார்த்தாள். ஆடு வாங்குகிறவள் பல்லைப் பார்ப்பதுபோல நிதானமாகப் பார்த்தாள். நம்பினாள். பிறகு அவள் பார்வை மெதுவாக நகர்ந்து, மகளைத் தாண்டி, அந்தப் பக்கக் கதவோரம் கறுப்புக் கோட்டில் உட்கார்ந்திருந்தவனிடம் போய் நின்றது.

நைஜல் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்போ சரி" என்றாள் டாஃப்னி. கையுறையை மறுபடியும் மாட்டிக்கொண்டாள். "ஞாயித்துக்கிழமை ஆட்டுக்கறி. ஒரு மணிக்கு வந்துடுங்க, ரெண்டு பேரும்."

* * *

பாதையைத் தாண்டினால் பண்ணை வாசல். காலையில் சாத்தியபடியே கதவு சாத்தியிருந்தது. தாள் இருந்த இடத்தில் நாலு ஆணித்துளை.

நைஜல் இறங்கினான். கொண்டியைத் தூக்கினான். கதவைத் தள்ளிக்கொண்டே நடந்து, முள்செடிக்குள் ஒரு குறிப்பிட்ட இடத்தில் அழுத்தினான். கை தானாகவே இலைகளுக்குள் போயிற்று, தேடவில்லை. புல்கட்டு கட்டும் ஆரஞ்சு நிறக் கயிறு ஒன்று அங்கே வளையம் போட்டுத் தயாராகத் தொங்கியது. பழக்கப்பட்ட விரல் அதைச் சட்டத்தில் மாட்டிவிட்டது. அதற்குப் பிறகுதான் அவன் தன் கையையே பார்த்தான்.

வண்டி நகரவில்லை. ரோவினா என்ஜினை நிறுத்தியிருந்தாள்.

"தினமும்?" என்றாள் ஜன்னல் வழியாக.

அவன் கயிற்றைக் கழற்ற முயன்று, முடிச்சு இறுகிவிட, விட்டுவிட்டான்.

"மொதல்ல தெரியாமத்தான் ரோ. சாத்தியிருந்துச்சு, வண்டிக்காகத் திறந்து கட்டினேன். மூணாவது நாளும் சாத்தியிருந்துச்சு. அப்பதான் தாளைப் பார்த்தேன்." கோட்டுப் பொத்தானைத் திருகினான். "வண்டி நின்னதுக்கு அப்புறமும் திறந்தேன்."

"ஏன்?"

"நீ தோத்துட்டா இங்கேருந்து போயிடலாம்னு. பதினாறு வயசுல எங்கப்பா டிராக்டர் சாவியைக் கையில திணிச்சாரு. வேணாம்னு சொல்ல அன்னைக்கும் வாய் வரல. மாடு போனப்ப, அப்பாடா, இதோட முடிஞ்சுதுன்னு நினைச்சேன். ஒரு தெருவுல ஒரு வீடு. ராத்திரி ஆடு கத்தாது. நீ பாட்டுக்குப் பெயிண்ட் டப்பாவோட வந்து நின்னே."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே நைஜல்."

"எப்படிச் சொல்றது? கூரை மேல நின்னு பாடிக்கிட்டே பெயிண்ட் அடிச்சே."

முள்செடிக்குள் ஒரு குருவி சத்தம் போட்டது. எதிர்வீட்டு ஜன்னலில் திரை அசைந்தது, நின்றது. கைப்பையில் உரிமம் இருந்தது. இன்னும் இருபது வருஷத்துக்கு இவனை இந்த வாசலோடும் கொட்டகையோடும் சேர்த்துக் கட்டிப்போடும் ஒரு துண்டுக் காகிதம். அதைத்தான் அவள் காலையிலிருந்து கடவுளிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

என்ஜினை உயிர்ப்பித்தாள். வண்டி அவனைத் தாண்டி உள்ளே வந்தது.

"ரோ" என்றான் பின்னாலிருந்து. "கதவைச் சாத்தவா, திறந்தே இருக்கட்டுமா?"

"வரும்போது எப்படி இருந்துச்சு?"

"சாத்தியிருந்துச்சு."

"அப்போ சாத்து."

அவள் கண்ணாடியில் பார்த்தாள். அவன் பல்லால் முடிச்சை அவிழ்த்தான். கதவை இழுத்துக்கொண்டு நடந்தான். சாத்தினான். கொண்டி விழுந்த சத்தம் வண்டிக்குள் கேட்டது. கதவின் மேல்சட்டத்தில் இரண்டு கையையும் ஊன்றி நின்றான் நைஜல்.

அவன் நின்றது பாதைப் பக்கம்.